150 செங்கல், 11,325 மூலக்கூறு: தனக்கான மருந்தை ஆர்என்ஏ-வே தேர்ந்தெடுக்கும் வேதியியல்... எப்படி வேலை செய்கிறது?

‘16 கோடி ரூபாய் ஊசி’ என்ற செய்தியைச் சில ஆண்டுகளுக்கு முன்பு வாட்ஸ்அப்பில் பார்க்காதவர்கள் குறைவு. எஸ்எம்ஏ எனப்படும் முதுகுத்தண்டுத் தசை நலிவு நோயுடன் பிறந்த குழந்தைகளுக்காக மக்களிடம் நிதி திரட்டிய செய்திகள் அவை. அதே நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்கும் ரிஸ்டிப்லாம் என்ற மருந்தும் இருக்கிறது. ரோஷ் நிறுவனத்தின் அந்த மருந்து இந்தியாவில் ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. ஹைதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனத்தின் ஜெனரிக் மருந்துக்குத் தடை கேட்டு ரோஷ் வழக்குத் தொடர்ந்தது. தடை விதிக்க முடியாது என்று 2025 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோவின் விலை ஒரு பாட்டில் 15,900 ரூபாய்.

விலையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. நாம் வழக்கமாகச் சாப்பிடும் பெரும்பாலான மாத்திரைகள் உடலில் உள்ள ஏதோ ஒரு புரதத்தைப் பிடித்து வேலை செய்பவை. ரிஸ்டிப்லாம் அப்படி இல்லை. புரதம் உருவாவதற்கு முந்தைய கட்டத்தில், ஆர்என்ஏ-விலேயே தலையிடுகிறது. ‘ஆர்என்ஏ-வை ஒரு சின்ன மாத்திரையால் கட்டுப்படுத்த முடியுமா?’ என்ற பழைய சந்தேகத்துக்கு, 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து ‘முடியும்’ என்று பதில் சொன்னது.

ஆனால் ஜெனரிக் சண்டை போட முதலில் ஒரு மருந்து இருக்க வேண்டும். ஆர்என்ஏ கோளாறால் வரும் பல நோய்களுக்குச் சண்டை போடக்கூட ஒரு மூலக்கூறு கையில் இல்லை. அதைத் தேடும் வழிகளில் ஒன்றுதான் இங்கே நாம் பார்க்கப்போவது: மீள்வினைகளையும் ரெசின் மணிகளையும் சேர்த்து, ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஒரே பாத்திரத்தில் உருவாக்கி, ‘உனக்கு எது வேண்டும்?’ என்று ஆர்என்ஏ-விடமே கேட்கும் முறை.

ஆர்என்ஏ-வைப் பிடிப்பது ஏன் கஷ்டம்?

டிஎன்ஏ என்பது பீரோவில் பூட்டி வைத்த மூலப் பத்திரம் என்றால், ஆர்என்ஏ அதன் ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸைப் படித்து, ரைபோசோம் என்ற செல்லுக்குள் இருக்கும் பட்டறை புரதத்தைத் தயாரிக்கிறது. ஜெராக்ஸிலேயே கோளாறு இருந்தாலும், அது தேவைக்கு அதிகமாக இருந்தாலும் நோய் வரலாம்.

மருந்து தேடுபவர்களுக்குப் புரதம் வசதியான இலக்கு. 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. மேற்பரப்பில் குழிகள் இருக்கும். பூட்டுக்குச் சாவி போல ஒரு சிறிய மூலக்கூறு போய் உட்காரும். ஆர்என்ஏ-வில் இருப்பது நான்கே எழுத்துகள். உடல் முழுக்க எதிர் மின்னூட்டம். கூடவே நெளிந்துகொண்டே இருக்கும் குணம். நேர் மின்னூட்டம் உள்ள எதைக் கொடுத்தாலும் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். அதனால் ‘ஒட்டுகிறதா?’ என்ற கேள்வியோடு ‘இந்த ஆர்என்ஏ-வில் மட்டும் ஒட்டுகிறதா?’ என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். அதுதான் பெரிய தலைவலி.

முடியாத காரியம் இல்லை என்பதற்கு இயற்கையே சாட்சி. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியா ரைபோசோமின் ஆர்என்ஏ-வில்தான் ஒட்டுகின்றன. அவை எங்கே, எப்படி ஒட்டுகின்றன என்பதை அணு அளவில் காட்டிய குழுக்களில் ஒன்று, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுடையது. ரைபோசோம் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் வேதியியல் நோபல் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் அந்த ஆன்டிபயாடிக்குகளை மனிதர்கள் வடிவமைக்கவில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் காலம் காலமாகத் தயாரித்துவந்ததை நாம் எடுத்துக்கொண்டோம். புதிதாக ஒன்றை நாமே தேட வேண்டும் என்றால், முதலில் தேடுவதற்கு ஒரு குவியல் வேண்டும். அந்தக் குவியலுக்கு வேதியியலில் ‘மூலக்கூறு நூலகம்’ என்று பெயர்.

அரிசி களைவது போல வேதியியல்

நூலகம் கட்டும் கதை 1963-ல் தொடங்குகிறது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் புரூஸ் மெரிஃபீல்டு என்ற வேதியியலாளர் ஓர் எளிய யோசனையை வெளியிட்டார். அதுவரை ஒவ்வொரு வினைக்குப் பிறகும் கலவையிலிருந்து தேவையான பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்ய நாள்கணக்கில் ஆகும். அவர் செய்தது என்ன? மூலக்கூறின் ஒரு முனையைக் குட்டி ரெசின் மணியில் கட்டிவிட்டார். தெர்மாகோல் எந்த பிளாஸ்டிக்கால் ஆனதோ, அதே பாலிஸ்டைரீனால் செய்த மணிகள். ரவையைவிடச் சிறியவை.

இனி ரசாயனத்தை ஊற்று, வினை நடக்கட்டும், மிச்சத்தை வடிகட்டிக் கழுவு. அரிசி களையும்போது கழுநீர் போய்விடும், அரிசி பாத்திரத்திலேயே இருக்கும் இல்லையா? அதே கதைதான். தேவையான மூலக்கூறு மணியோடு தங்கிவிடும். வேண்டாதது தண்ணீரோடு போய்விடும். இதற்காக 1984-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1980-களில் ஹங்கேரியைச் சேர்ந்த அர்பாத் ஃபுர்கா இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். மணிகளை 20 கிண்ணங்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்க்க வேண்டும். பிறகு எல்லா மணிகளையும் ஒன்றாகக் கலந்து, மறுபடி 20 கிண்ணங்களில் பிரிக்க வேண்டும். மூன்று சுற்று முடிந்தால் 20 × 20 × 20 = 8,000 மூலக்கூறுகள். ஐந்து சுற்று என்றால் 32 லட்சம். ஒவ்வொரு மணியிலும் ஒரே வகை மூலக்கூறு மட்டும் இருக்கும்.

1990-களில் மருந்து நிறுவனங்கள் இதில் பெரும் பணத்தைக் கொட்டின. லட்சக்கணக்கில் செய்தால் ஏதாவது ஒன்று சிக்காமலா போகும் என்பது கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. புதிய மருந்துகள் எங்கிருந்து வந்தன என்று தொடர்ந்து கணக்கெடுத்துவந்த அமெரிக்க ஆய்வாளர்கள் நியூமனும் கிராக்கும், இப்படி முழுக்க முழுக்க நூலகத்திலிருந்தே பிறந்ததாக நீண்ட காலம் சுட்டிக்காட்டியது ஒரே ஒரு மருந்தைத்தான்: சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்து. இந்தியாவில் இதற்கு வேறொரு வரலாறும் உண்டு. 2012-ல் நாட்டின் முதல் கட்டாய உரிமம் இந்த மருந்துக்காகத்தான் வழங்கப்பட்டது. பெற்ற நிறுவனம் அதே நாட்கோ. மாதம் 2.8 லட்சம் ரூபாய் என்று இருந்த சிகிச்சைச் செலவு 8,800 ரூபாயாக இறங்கியது.

எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது என்பது அப்போது புரிந்தது. லட்சம் மூலக்கூறுகளைச் செய்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, பெரும்பாலானவற்றைக் குப்பையில் போடுவதற்குப் பதிலாக, தேவையானது மட்டும் தானாகப் பெருகினால் எப்படி இருக்கும்?

இட்லி ஒரு வினை, ப்ரெஸ் பட்டன் இன்னொரு வினை

இங்கேதான் மீள்வினை வருகிறது. இட்லி வெந்த பிறகு அதைத் திரும்ப மாவாக்க முடியாது. மருந்து தயாரிப்பில் வழக்கமாகப் பயன்படும் வினைகள் பெரும்பாலும் இந்த ரகம். ஒரு பிணைப்பு உருவானால் உருவானதுதான். சட்டையில் உள்ள ப்ரெஸ் பட்டன் அப்படி இல்லை. மாட்டலாம், கழற்றலாம், வேறொரு பட்டனோடும் மாட்டலாம். மீள்வினை என்பது இதுதான்.

இதற்கு நல்ல உதாரணம் டைசல்ஃபைடு பிணைப்பு. இரண்டு கந்தக அணுக்கள் கைகோப்பது. நம் தலைமுடியின் வலுவுக்கு முக்கியக் காரணம் இதுவே. பார்லரில் முடியை நிரந்தரமாகச் சுருளாக்கும்போது நடப்பதும் இதுதான்: ஒரு ரசாயனம் பழைய கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கும், முடியைப் புது வடிவத்தில் சுற்றிவைத்ததும் இன்னொரு ரசாயனம் அவற்றைப் புதிய இடங்களில் மறுபடி மாட்டும்.

இப்போது கந்தகம் உள்ள பல வகைச் சிறிய மூலக்கூறுகளை, அதாவது ‘செங்கற்களை’, ஒரே கரைசலில் போடுவோம். அவை ஜோடி சேரும், பிரியும், ஜோடி மாறும். கொஞ்ச நேரத்தில் எல்லா ஜோடிகளும் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கும் ஒரு சமநிலை வரும். பார்க்க அமைதியாக இருக்கும். உள்ளே ஜோடி மாற்றம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கலவைக்குள் நோய்க்குக் காரணமான ஆர்என்ஏ-வைப் போட்டால் என்ன ஆகும்? அதற்குப் பிடித்த ஜோடி ஒன்று அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஆட்டத்திலிருந்து விலகியது போலத்தான். கரைசலில் அந்த ஜோடி குறைவதால், அந்தக் குறையை ஈடுகட்டச் சமநிலை நகரும். மற்ற ஜோடிகள் பிரிந்து, அவற்றின் செங்கற்கள் இந்த ஜோடிக்கே போகும். பள்ளிப் பாடத்தில் படித்த லே சாட்லியர் தத்துவம்தான் இது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதார்த்தம் சீக்கிரம் காலியாகிறதோ, சமையல்காரர் அதையே மறுபடி போடுவார். இங்கே கூடுதல் வசதி ஒன்று இருக்கிறது. யாரும் தொடாத பதார்த்தங்கள் தானாகவே அரிசி, பருப்பு, காய்கறியாகப் பிரிந்து சமையலறைக்குத் திரும்பிவிடும். வீணாவது எதுவும் இல்லை. விருந்தாளியின் விருப்பமே மெனுவைத் தீர்மானிக்கிறது.

இதற்கு இயங்குநிலைச் சேர்மான வேதியியல் என்று பெயர் சொல்லலாம். 1990-களின் நடுவில் பல இடங்களில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் உருவான யோசனை இது. 1987-ல் நோபல் பெற்ற பிரான்ஸின் ழான்-மரி லென், தன் சக ஆய்வாளர் இவான் ஹுக்குடன் சேர்ந்து, ஒரு நொதியைக் கொண்டே அதற்கான மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுக்க வைத்த சோதனையை 1997-ல் வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் மில்லரின் குழு, டிஎன்ஏ-வில் ஒட்டும் மூலக்கூறுகளை இதே பாணியில் எடுத்தது. கேம்பிரிட்ஜில் ஜெரமி சாண்டர்ஸ் குழுவும் இந்தத் துறையை வளர்த்த முக்கியமான குழு.

ஆட்டத்தை நிறுத்தவும் வழி உண்டு. கந்தகப் பிணைப்பு என்றால் கரைசலைக் கொஞ்சம் அமிலமாக்கினால் போதும். ஜோடி மாற்றம் நின்றுவிடும். அந்த நொடியில் யார் யாரோடு இருந்தார்களோ, அதுவே ரிசல்ட்.

சரி, ஜெயித்தது யார் என்று எப்படித் தெரியும்?

பத்து, இருபது ஜோடிகள் இருந்தால் கருவிகளால் பிரித்துப் பார்த்துவிடலாம். பத்தாயிரம் ஜோடிகள் ஒரே கரைசலில் கலந்திருந்தால்? ஒரே எடையில் பல ஜோடிகள் இருக்கும். ஒன்று கூடியதும் இன்னொன்று குறைந்ததும் கூட்டத்தில் காணாமல் போகும். அதனால் ஆரம்ப கால நூலகங்கள் சிறியவையாகவே இருந்தன. யோசனை அழகானது, ஆனால் எண்ணிக்கை இல்லை என்பதுதான் அப்போதைய விமர்சனம்.

இந்த முடிச்சை அவிழ்க்க மில்லரின் குழு மெரிஃபீல்டின் மணிகளைத் திரும்ப எடுத்தது. 2006-ல் பிரையன் மெக்நாட்டனும் மில்லரும் வெளியிட்ட முறையின் அடிப்படை இவ்வளவுதான்: ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பாதி மணியில், மறு பாதி கரைசலில்.

படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: ஒரு வகை மணியில் ஒரே வகைச் செங்கல் கட்டப்படுகிறது. எந்த மணியில் எது இருக்கிறது என்ற கணக்கு கையில் உண்டு.

இரண்டாம் படி: கரைசலில் எல்லா வகைச் செங்கற்களும் மிதக்கின்றன. மணியில் உள்ள செங்கலோடு அவை மாறி மாறி ஜோடி சேர்கின்றன.

மூன்றாம் படி: நிறமிப் பொருள் சேர்த்து ஒளிரும்படி செய்த ஆர்என்ஏ உள்ளே போகிறது. தனக்குப் பிடித்த ஜோடி எந்த மணியில் உருவாகிறதோ, அந்த மணியில் போய் ஒட்டுகிறது. பந்தி லாஜிக்படி, அந்த மணியில் அந்த ஜோடியின் அளவும் கூடுகிறது.

நான்காம் படி: ஆட்டத்தை நிறுத்தி, அரிசி களைவது போல மணிகளைக் கழுவ வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் சில மணிகள் ஒளிரும். அவற்றை மட்டும் எடுத்தால் பாதி விடை கையில். எந்த மணி என்று தெரிவதால் ஜோடியின் ஒரு பாதி தெரிந்துவிட்டது. மறு பாதியை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி போன்ற வழிகளால் கண்டுபிடிக்கலாம்.

பத்தாயிரம் பேர் கூட்டத்தில் ஒருவரைத் தேடும் வேலை, இப்போது ஒரு தெருவில் தேடும் வேலையாகச் சுருங்கிவிட்டது. 150 வகைச் செங்கற்களைத் தயாரித்தால் போதும். ஒவ்வொன்றும் மற்ற 149 உடனும் சேரலாம், தன் இனத்துடனும் சேரலாம். 150 × 151 ÷ 2 = 11,325 ஜோடிகள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைத் தனித்தனியாகத் தயாரிக்கவே வேண்டாம். அவை தாமாகவே உருவாகின்றன.

முதல் இலக்கு: ஹெச்ஐவியின் எழுத்து விளையாட்டு

2007-ல் இந்த 11,325 மூலக்கூறு நூலகம் ஹெச்ஐவியின் ஓர் ஆர்என்ஏ துண்டுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது. எதற்காக அந்தத் துண்டு?

ரைபோசோம் ஆர்என்ஏ-வை மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கும். ‘அவன் பாடல் எழுத’ என்பதை மூன்றெழுத்து மூன்றெழுத்தாகப் படிப்பது போல. ஹெச்ஐவி ஆர்என்ஏ-வில் ஓர் இடத்தில் ரைபோசோம் சில சமயம் வழுக்கி, ஓர் எழுத்து பின்னால் போய்விடும். ‘அவன் பாடல் ல்எழு...’ என்று வாசிப்பது மாதிரி. நமக்கு அது உளறல். வைரஸுக்கோ அங்கே இரண்டாவது செய்தி ஒளிந்திருக்கிறது. தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான நொதிகள் அந்தச் செய்தியிலிருந்துதான் கிடைக்கின்றன.

சுமார் 20 முறைக்கு ஒரு முறை இந்த வழுக்கல் நடக்கும். வைரஸுக்கு இந்த விகிதம் ரொம்ப முக்கியம். கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல். வழுக்கலைத் தூண்டுவது, வழுக்கும் இடத்தை அடுத்து ஹேர்பின் போல மடிந்து நிற்கும் ஓர் ஆர்என்ஏ அமைப்பு. அந்த ஹேர்பினைப் பிடிக்கும் மூலக்கூறு கிடைத்தால் விகிதத்தைக் குலைக்கலாம். கொரோனா வைரஸ்களும் இதே போன்ற வழுக்கல் உத்தியை நம்பியிருப்பவை என்பதால், கோவிட் காலத்தில் இந்த யோசனைக்குக் கவனம் கூடியது.

நூலகம் ஒரு விடையைக் கொடுத்தது. ஆனால் அதை அப்படியே மருந்தாக்க முடியாது. காரணம், எந்தப் ப்ரெஸ் பட்டன் இந்தத் தேடலைச் சாத்தியமாக்கியதோ, அதுவே பிறகு தொல்லை ஆகிறது. நம் செல்லுக்குள் கந்தகப் பிணைப்பை அவிழ்க்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் நிறைய உண்டு. மருந்து உள்ளே போனதும் இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் கந்தக இணைப்பை எடுத்துவிட்டு, எளிதில் உடையாத கார்பன் இணைப்பை வைத்தார்கள். ஒட்டும் திறன் கெடவில்லை. அடுத்தடுத்த மாற்றங்களுக்குப் பிறகு, ஆய்வக செல்களில் ஹெச்ஐவியின் தொற்றும் திறனைக் குறைக்கும் மூலக்கூறுகள் கிடைத்ததாக 2014-ல் அந்தக் குழு அறிவித்தது. முதல் விடையிலிருந்து இந்த இடத்துக்கு வரவே ஏழு ஆண்டுகள்.

இரண்டாவது இலக்கு: பிடியை விடாத கை

மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி என்ற தசை நோயின் அறிகுறி விசித்திரமானது. கைகுலுக்கினால் பிடியை உடனே விட முடியாது. தசை சுருங்கும், ஆனால் சட்டென்று தளராது. இளவயதிலேயே கண்புரை வரலாம். இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். பெற்றோரைவிடப் பிள்ளைகளுக்குக் கடுமையாகவும் சீக்கிரமாகவும் வருவது இந்த நோயின் இன்னொரு கொடுமை.

முதல் வகை நோய்க்கான காரணம் 1992-ல் தெரியவந்தது. ஒரு மரபணுவில் சி-டி-ஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆரோக்கியமானவர்களிடம் இது 35 முறைக்குள் இருக்கும். 50-ஐத் தாண்டினால் நோய். சிலரிடம் ஆயிரக்கணக்கில் போகும். அதன் ஜெராக்ஸான ஆர்என்ஏ, நீளமான ஹேர்பினாக மடிந்து, எம்பிஎன்எல்1 என்ற புரதத்தைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மற்ற ஆர்என்ஏ-க்களைச் சரியாக வெட்டி ஒட்ட வேண்டிய புரதம் அது. அது சிறைப்பட்டதால் பல ஆர்என்ஏ-க்கள் தப்பும் தவறுமாகத் தயாராகின்றன. தசை தளரத் தேவையான குளோரைடு வாயில் அவற்றில் ஒன்று.

ஆகவே இங்கே குற்றவாளி புரதம் இல்லை, ஆர்என்ஏ. அந்த ஹேர்பினில் ஒரு மூலக்கூறு போய் உட்கார்ந்துகொண்டால், சிறைப்பட்ட புரதம் விடுதலை ஆகும். மில்லர் குழு அதே 11,325 மூலக்கூறு நூலகத்தை இந்த ஆர்என்ஏ-வுக்கு எதிராக ஓடவிட்டது. அதே பல்கலைக்கழகத்தில் இந்த நோயை ஆராய்ந்துவந்த மருத்துவர் சார்லஸ் தார்ன்டனும் கைகோத்தார். புரதத்தின் பிடியைச் சோதனைக்குழாயில் தடுக்கும் மூலக்கூறுகள் 2008-ல் வெளியாயின. மேம்படுத்திய மூலக்கூறுகள், நோயுள்ள எலிகளில் தவறாக வெட்டி ஒட்டப்பட்ட ஆர்என்ஏ-வை ஓரளவு சரிசெய்ததாக 2012-ல் தெரிவித்தார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான். இரண்டு நோய்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. செங்கற்கள் ஒன்றுதான். ஆர்என்ஏ-வை மாற்றியதும் விடையும் மாறியது.

அப்போ மருந்துக்கடைக்கு ஏன் இன்னும் வரல?

நியாயமான கேள்வி. இந்த முறையில் எடுத்த மூலக்கூறுகள் அலமாரிக்கு வராததற்குக் காரணங்கள் தெளிவானவை.

முதலாவது, வினைகளின் பற்றாக்குறை. தண்ணீரில் நடக்க வேண்டும், ஆர்என்ஏ-வைச் சிதைக்கக் கூடாது, நியாயமான வேகத்தில் மாறவும் வேண்டும், நினைத்தபோது நிறுத்தவும் முடிய வேண்டும். இத்தனை நிபந்தனைகளுக்கும் ஒத்துவரும் மீள்வினைகள் கைவிட்டு எண்ணக்கூடியவை. அதனால் உருவாகும் மூலக்கூறுகளின் பன்முகத்தன்மையும் ஓர் எல்லைக்குள்தான்.

இரண்டாவது, அளவு. ஒரு ஜோடியைக் கண்ணுக்குத் தெரியும்படி பெருக்க வேண்டும் என்றால், இலக்கும் கணிசமான அளவில் தேவை. ஆர்என்ஏ தயாரிப்பது மலிவான காரியம் இல்லை.

மூன்றாவது, பெருகியது எல்லாம் சிறந்தது இல்லை. செங்கற்கள் குறைவாக இருந்தால், நன்றாக ஒட்டும் ஜோடிகள் ஒன்றுக்கொன்று போட்டியிடும். சில சமயம் சிறந்ததைவிட சுமாரானது அதிகம் பெருகும். ரெசின் மணியின் பரப்பிலேயே ஆர்என்ஏ ஒட்டி, பொய்யாக ஒளிரவும் செய்யலாம். அதனால் ஒளிர்ந்த ஒவ்வொன்றையும் தனியாகத் தயாரித்து மறுபடி சோதித்தாக வேண்டும்.

நான்காவது, அந்த மூலக்கூறுகளின் உடல்வாகு. சிறு புரதத் துண்டுகள் போன்றவை; பெரியவை. மாத்திரையாக விழுங்கி, குடலைத் தாண்டி, செல்லுக்குள் போய்ச் சேர்வது அவற்றுக்குப் பெரிய பயணம்.

இதற்கிடையே போட்டியாளர் ஒருவர் வேகமாக ஓடிவிட்டார். 1992-ல் சிட்னி பிரென்னரும் ரிச்சர்ட் லெர்னரும் முன்வைத்த யோசனை அது: ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு டிஎன்ஏ துண்டைப் பார்கோடு போலக் கட்டிவிடு. எது ஒட்டியது என்பதை, டிஎன்ஏ-வை நகலெடுத்துப் படித்தால் தெரிந்துவிடும். டிஎன்ஏ-வைப் படிக்கும் செலவு சரியச் சரிய, கோடிக்கணக்கான மூலக்கூறுகளை ஒரே குழாயில் தேட முடிந்தது. இன்று பெரிய மருந்து நிறுவனங்கள் பலவும் இதைப் பயன்படுத்துகின்றன. இதிலிருந்து வந்த மூலக்கூறுகள் மனிதப் பரிசோதனை வரை போயிருக்கின்றன. ஆனால் ஆர்என்ஏ-வை இலக்காக வைக்கும்போது இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பார்கோடாக இருக்கும் டிஎன்ஏ, இலக்கான ஆர்என்ஏ-வோடு தானே ஒட்டிக்கொள்ளக்கூடும். ரெசின் மணிக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டையும் இணைத்து, பார்கோடும் ஜோடி மாற்றமும் சேர்ந்த நூலகங்களைச் சில ஆய்வுக் குழுக்கள் உருவாக்கிவருகின்றன.

மயோடோனிக் டிஸ்ட்ரோஃபியிலும் இன்று முன்னணியில் இருப்பவை வேறு ரகம். ஆர்என்ஏ-வைத் தேடிப்போய் அழிக்கும் நியூக்ளிக் அமிலத் துண்டுகளை, தசைக்குள் கொண்டுசேர்க்கும் ஆன்டிபாடியோடு கட்டி, மனிதர்களிடம் சோதித்துவருகிறார்கள். இவை ரத்தநாளம் வழியாகச் செலுத்தப்படுபவை. ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சைக்கு மாத்திரையின் வசதி வேறு எதற்கும் வராது. எஸ்எம்ஏ-வில் முதுகுத்தண்டில் போடும் ஊசி ஏற்கெனவே இருந்தும், வீட்டிலேயே கொடுக்கக்கூடிய ரிஸ்டிப்லாம் ஏன் அவ்வளவு எதிர்பார்க்கப்பட்டது என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

இதில் நமக்கு என்ன?

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. இதன்படி, சிறப்பு மையங்களில் சிகிச்சை பெறும் ஒருவருக்கு அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். 6 லட்சம் ரூபாய் பாட்டில் என்றால் அந்தப் பணம் எட்டு பாட்டில்களில் தீர்ந்துவிடும். 15,900 ரூபாய் என்றால் 300 பாட்டில்களுக்கு மேல் வரும். ஜெனரிக் தீர்ப்பின் மதிப்பு இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் ஜெனரிக் என்பது ஏற்கெனவே கண்டுபிடித்த மருந்தின் விலையைத்தான் குறைக்கும். கண்டுபிடிக்கவே படாத மருந்துக்கு எந்த நீதிமன்றமும் எதுவும் செய்ய முடியாது. நோயாளிகள் குறைவு, லாபம் குறைவு என்பதால் பெரிய நிறுவனங்கள் ஒதுங்கும் நோய்களில், முதல் மூலக்கூறைத் தேடும் செலவு எவ்வளவு குறைகிறது என்பதே முக்கியமான கேள்வி.

ரோச்செஸ்டர் கதையின் உண்மையான மதிப்பு அங்கேதான். கோடிக்கணக்கில் மூலக்கூறுகளைச் சேமித்துவைக்கும் கிடங்கும் ரோபோக்களும் இல்லாமல், ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் 150 செங்கற்களையும் ரெசின் மணிகளையும் நுண்ணோக்கியையும் வைத்து 11,325 மூலக்கூறுகளை அலசியது. கிடைத்தது மருந்து இல்லை, மருந்தை நோக்கிய முதல் படி. அந்த முதல் படியே இல்லாமல் நிற்கும் நோய்கள் நிறைய.

அடுத்த முறை ‘ஆர்என்ஏ-வைக் குறிவைக்கும் புதிய மூலக்கூறு கண்டுபிடிப்பு’ என்ற செய்தி உங்கள் ஃபீடில் வந்தால், மூன்று விஷயங்களைப் பாருங்கள். மற்ற ஆர்என்ஏ-க்களை விட்டுவிட்டு இலக்கை மட்டும் பிடிக்கிறதா? சோதனைக்குழாயைத் தாண்டி செல்லுக்குள், விலங்குக்குள் வேலை செய்ததா? தேடலுக்குப் பயன்பட்ட பலவீனமான பிணைப்பை, உடலில் தாங்கும் பிணைப்பாக மாற்றிவிட்டார்களா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், மனிதப் பரிசோதனை பற்றிப் பேச ஆரம்பிக்கலாம். இல்லை என்றால், அது இன்னும் மணியில் ஒளிரும் ஒரு புள்ளிதான்.